அம்மாவுக்கு கவரிங் நகை அலர்ஜி, மெட்டல் இல்லாத செராமிக் பல் இம்ப்ளான்ட் வைக்கலாமா?

கெடிலக்கரை பொண்ணு, கடலூர்

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மாவுக்காக கேக்கறேன், கொஞ்சம் பெருசா இருக்கும், படிச்சிட்டு சொல்லுங்க.

அம்மாவுக்கு 57 வயசு, நாங்க மஞ்சக்குப்பம். இந்த பொங்கலுக்கு கரும்பு கடிக்கும்போது கீழ இடது பக்கம் கடவாய்ப்பல் ரெண்டா பொளந்துடுச்சு. பத்து வருஷம் முன்னாடி அந்த பல்லுக்கு ரூட் கேனால் பண்ணது, அப்ப காசு இல்லன்னு கேப் போடாம விட்டுட்டோம், அதான் இப்படி ஆயிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு. பல்ல எடுத்து ஏழு மாசம் ஆச்சு, புண்ணெல்லாம் நல்லா ஆறிடுச்சு, ஆனா அந்த பக்கம் மெல்லவே முடியல, சோத்த அப்படியே முழுங்கறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு.

பாண்டியில ஒரு கிளினிக்ல காமிச்சோம். இம்ப்ளான்ட் வைக்கலாம், அதாவது எலும்புக்குள்ள ஸ்க்ரூ மாதிரி ஒரு வேர இறக்கி அது மேல பல் மாட்டறது, டைட்டானியம்னா 35 ஆயிரம், மெட்டலே இல்லாத செராமிக்னா 80 ஆயிரம்னு சொன்னாங்க. கடலூர்ல பாத்த டாக்டர் இம்ப்ளான்டே வேணாம், பிரிட்ஜ் போட்டுக்கலாம்னு சொல்றாரு, பக்கத்துப் பல்லுங்கள பிடிச்சு நடுவுல பல் கட்டறது. நாங்க குழம்பறதுக்கு காரணம் அம்மாவுக்கு மெட்டல் அலர்ஜி. கவரிங் கம்மல் போட்டா ரெண்டே நாள்ல காது புண்ணாகி நீர் வடியும். வாட்ச் கட்டவே மாட்டாங்க. தாலிச் சரடுல ஒரு ஊக்கு மாட்டி வெச்சிருப்பாங்க, அது படற எடத்துல நெஞ்சுல கருப்பா தடிச்சு போயிருக்கு, பல வருஷமா அப்படியேதான் இருக்கு. இப்படிப்பட்டவங்க தாடை எலும்புக்குள்ள ஒரு ஸ்க்ரூவ இறக்குனா என்ன ஆகும்னு எனக்கு பயமா இருக்கு. திருப்பூர்ல இருக்கற அண்ணன் தெனம் ஒரு வீடியோ அனுப்பறான், மெட்டல் ரத்தத்துல கலக்கும் அது இதுன்னு.

80 ஆயிரம் பெரிய தொகைதான், ஆனா அம்மாவுக்கு அதுதான் நல்லதுன்னா சீட்டு எடுத்தாவது போட்டுடுவோம். கடவாய்ப்பல்லுக்கு செராமிக் தாங்குமா? யாராவது வெச்சிருக்கீங்களா?

பல்வைத்தியர், வில்லியனூர்

நான் பல் டாக்டர்தாங்க, இம்ப்ளான்ட் வேலை பண்றேன். அம்மாவ நேர்ல பாக்காம இதுதான் வைக்கணும்னு சொல்ல முடியாது, ஆனா உங்க பயத்துல ஒரு முடிச்ச அவுத்து விட்டுடலாம்னு நெனக்கிறேன்.

கவரிங் கம்மல், ஊக்கு, வாட்ச் பக்கிள், இது மூணுலயும் தோல கெடுக்கறது பெரும்பாலும் நிக்கல்தான். முலாம் தேய தேய கீழ இருக்கற நிக்கல் வேர்வைல கரைஞ்சு தோலுக்குள்ள போகும், அதான் நம்ம ஊர் வெயில்ல இன்னும் மோசமா வரும். நீங்க சொல்ற அடையாளம் எல்லாம் அச்சு அசலா நிக்கல் அலர்ஜி மாதிரி இருக்கு. டைட்டானியம் வேற உலோகம். சுத்த டைட்டானியம் இம்ப்ளான்ட்ல நிக்கல் சேர்க்கறது கெடையாது. நிக்கல் ஒத்துக்காதவங்களுக்கு டைட்டானியமும் ஒத்துக்காதுன்னு ஒரு விதியும் இல்ல. டைட்டானியத்துக்கே அலர்ஜி வந்தவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா ரொம்ப அபூர்வம்.

இன்னொரு விஷயம், எலும்பு நேரடியா அந்த உலோகத்த தொடறதே இல்ல. டைட்டானியம் காத்து பட்ட உடனே மேல மெல்லிசா ஒரு ஆக்சைடு படலம் உருவாகிடும், எலும்பு வந்து ஒட்டறது அந்த படலத்து மேலதான். சுவீடன்ல பிரோனமார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1952 வாக்குல முயல் கால் எலும்புல டைட்டானியக் கூடு ஒண்ண வெச்சு ரத்த ஓட்டத்த பாத்துக்கிட்டு இருந்தாரு, வேலை முடிஞ்சு எடுக்கப் போனா வரல, எலும்போட எலும்பா பிடிச்சிருந்துச்சு. அதுலேருந்து வந்ததுதான் இந்த வைத்தியமே, 1965ல மொதல் ஆளுக்கு வாயில வெச்சாரு, அவரு சாகற வரைக்கும் நாப்பது வருஷத்துக்கு மேல அது வேலை செஞ்சுது. டைட்டானியத்துக்கு இவ்வளவு நீளமான அனுபவம் கையில இருக்கு. ஜிர்கோனியாவுக்கு, அதாவது நீங்க கேக்கற செராமிக்குக்கு, அந்த அளவு வயசு இன்னும் ஆகல.

செராமிக்னு சொல்றது ஜிர்கோனியம் டைஆக்சைடு. ஜிர்கோனியம் உலோகம்தான், ஆனா ஆக்சிஜனோட சேர்ந்து ஆக்சைடு ஆயிட்டா அது பீங்கான் ஜாதி, சோடியம் உலோகமா இருந்தாலும் சோத்துல போடற உப்ப யாரும் உலோகம்னு சொல்றதில்ல பாருங்க, அந்த மாதிரி. அதனால மெட்டல் இல்லன்னு சொல்றது பொய் இல்ல. ஈறு அதோட நல்லா ஒத்துப்போகும், கலர் வெள்ளை, ஈறு மெல்லிசா இருக்கறவங்களுக்கு முன்பல்லுல வெச்சா கருநிழல் தெரியாது. நான் செராமிக் சிபாரிசு பண்றது பெரும்பாலும் அந்த எடத்துக்குத்தான்.

கடவாய்ப்பல்லுல யோசிக்க வேண்டியது வேற. நெறைய செராமிக் இம்ப்ளான்ட் ஒரே துண்டா வரும், வேரும் மேல நீட்டிக்கிட்டு இருக்கற கட்டையும் ஒண்ணு. டைட்டானியத்துல வேர உள்ள புதைச்சு ஈறை மூடி தெச்சுட்டு, எலும்பு பிடிச்சதுக்கு அப்பறம் கட்டைய தனியா மாட்டலாம், சாஞ்சிருந்தா கோணக் கட்டை போட்டு சரி பண்ணலாம். ஒரே துண்டுல அந்த வசதி இல்ல, வெச்ச கோணம்தான் கோணம், வாய்க்குள்ள வெச்சு டிரில்லால ராவினா கண்ணுக்கு தெரியாத விரிசல் விழும். எலும்பு பிடிக்கற மூணு நாலு மாசமும் நாக்கும் சோறும் அது மேல இடிச்சுக்கிட்டே இருக்கும். ரெண்டு துண்டு செராமிக்கும் இப்ப வருது, அதுல கட்டையும் வேரும் சேர்ற எடத்த பாத்து வாங்கணும். டைட்டானியத்துல ரொம்ப பாரம் விழுந்தா கட்டைய பிடிச்சிருக்கற சின்ன ஸ்க்ரூ லூஸ் ஆகும், அது ஒரு எச்சரிக்கை மாதிரி, செராமிக் அப்படி காட்டாது, ஒரு நாள் பட்டுனு ஒடையும், ஒடைஞ்சா மிச்சத்த எலும்பக் குடைஞ்சுதான் எடுக்கணும்.

இத எல்லாம் விட எனக்கு முக்கியமா தெரிய வேண்டியது ரெண்டு கேள்வி. அம்மாவுக்கு சுகர் இருக்கா, கடைசியா மூணு மாச சுகர் எவ்வளவு? எலும்பு தேய்மானத்துக்குன்னு வாரத்துக்கு ஒண்ணு போடற மாத்திரை, இல்ல வருஷத்துக்கு ஒரு ஊசி, ஏதாவது போடறாங்களா? கிளினிக்ல இத கேட்டாங்களா?

லாஸ்பேட்டை தமிழ் டீச்சர்

நான் செராமிக் வெச்சிருக்கேன் மா, மேல முன்பல். ஈசிஆர்ல ஸ்கூட்டில விழுந்து பல்லு வேரோட ஒடைஞ்சு போச்சு. எனக்கு ஈறு ரொம்ப மெல்லிசு, சிரிச்சா ஈறு முழுசா தெரியும், அதனால டைட்டானியம் வெச்சா சாம்பல் கலர்ல நிழலாடும்னு சொல்லி என் டாக்டரே செராமிக் போடலாம்னாரு. ஒரே துண்டு வகைதான்.

வைக்கும்போது வலி ஒண்ணும் பெருசா இல்ல, மரத்துப்போக ஊசி போட்டுடறாங்க, அந்த அதிர்வு மட்டும் காதுக்குள்ள கேக்கும். அதுக்கு அப்பறம் வந்த மூணரை மாசம்தான் கஷ்டம். பக்கத்துப் பல்லோட ஒட்டி ஒரு தற்காலிக பல் வெச்சாங்க, அதுல கடிக்கவே கூடாது, எதிர்ப்பல் படவே கூடாதுன்னு ராவி விட்டிருந்தாங்க. நாக்கு இருக்கே, அத கட்டுப்படுத்தவே முடியாது, தூங்கற நேரம் தவிர அங்கயே போய் நெண்டிக்கிட்டு இருக்கும். பாடம் நடத்தும்போது த, ந வர்ற எடத்துலலாம் காத்து போகும், "தந்தை"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள புள்ளைங்க முகத்த பாக்க முடியாம போர்டு பக்கம் திரும்பிக்குவேன். கொய்யா, முறுக்கு, மட்டன் எதையும் தொடல.

இப்ப நாலு வருஷம் ஆச்சு, எது வெச்ச பல்லுன்னு எனக்கே கண்ணாடில தேடணும், ஈறு இளஞ்சிவப்பா சுத்தி உக்காந்திருக்கு, நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன். ஆனா உங்க அம்மாவுக்கு கடவாய், வெளிய தெரியாத எடம், அங்க வெள்ளை கலருக்காக ரெண்டு மடங்கு காசு குடுக்க வேணாம்னுதான் எனக்கு தோணுது. அலர்ஜி உறுதின்னா அது வேற கதை.

நெய்வேலி நைட் ஷிப்ட்

நான் செராமிக் வெச்சு தோத்துப் போனவன், என் கதையையும் கேட்டுக்கங்க தங்கச்சி. எந்த ஊர் எந்த கிளினிக்னு சொல்ல விரும்பல.

எனக்கு தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிக்கற பழக்கம், வீட்ல சொல்லித்தான் எனக்கே தெரியும். மேல கடவாய்க்கு முந்தின பல்லுல செராமிக் வெச்சாங்க. இந்த பழக்கம் இருக்கான்னு ஒருத்தரும் கேக்கல, எனக்கும் சொல்லணும்னு தெரியல. ஒரே துண்டு, மேல பிளாஸ்டிக் பல் மாட்டி விட்டு பாத்து சாப்பிடுங்கன்னு மட்டும் சொன்னாங்க. ரெண்டாவது மாசம் இட்லி சாப்பிடும்போது ஆடற மாதிரி இருந்துச்சு, விரல வெச்சு தொட்டா லேசா சுத்துது. எலும்பு பிடிக்கவே இல்லன்னு சொல்லி கையாலயே திருகி எடுத்துட்டாங்க, ஒரு சொட்டு வலி இல்ல, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு, அவ்வளவு லேசா வந்துடுச்சு. கட்டின பணத்துல பாதி கூட திரும்ப வரல.

அப்பறம் ஆறு மாசம் எலும்பு ஆற விட்டு வேற டாக்டர்கிட்ட டைட்டானியம் வெச்சேன். அவரு வேர ஈறுக்குள்ள மூடி அஞ்சு மாசம் தொடாம விட்டாரு, ராத்திரி போட்டுக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு செஞ்சு குடுத்தாரு. மூணு வருஷமா நல்லா இருக்கு. செராமிக் மோசம்னு நான் சொல்ல வரல, எனக்கு வெச்ச எடமும் விதமும் தப்பு.

முக்கியமா ஒண்ணு, இம்ப்ளான்ட் டப்பாவுல கம்பெனி பேரு, சைஸ், லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அத ஒரு கார்டுல ஒட்டி கேட்டு வாங்கிக்கங்க. மொத தடவ எனக்கு குடுக்கல, என்ன கம்பெனின்னே தெரியாம ரெண்டாவது டாக்டர்கிட்ட போய் முழிச்சேன்.

முத்தியால்பேட்டை லேப்காரன்

நான் டென்டல் லேப்ல 19 வருஷமா இருக்கேன், கேப், பிரிட்ஜ் எல்லாம் செஞ்சு டாக்டருங்களுக்கு அனுப்பறது எங்க வேலை. ஸ்க்ரூ பத்தி டாக்டர் சொல்லிட்டாரு, நான் யாரும் கேக்காத ஒண்ண கேக்கறேன். அம்மா வாயில ஏற்கனவே பழைய கேப் ஏதாவது இருக்கா?

ஏன் கேக்கறேன்னா, பத்து பதினஞ்சு வருஷம் முன்னாடி போட்ட சாதா கேப்புல முக்கால்வாசி உள்ள நிக்கல் குரோம் உலோகம், மேல பல் கலர்ல பீங்கான் பூசினது. வெளிய பாத்தா வெள்ளையா இருக்கும். ஈறு ஓரத்துல மட்டும் மெல்லிசா ஒரு கருப்பு கோடு தெரியும். வெறும் வெள்ளிக் கலர் கேப்பும் பெரும்பாலும் அதேதான். நிக்கல் ஒத்துக்காதவங்களுக்கு டைட்டானியத்த கண்டு பயப்படறதுக்கு முன்னாடி இதத்தான் பாக்கணும். இம்ப்ளான்ட் 80 ஆயிரத்துக்கு செராமிக்ல வெச்சுட்டு, அதுக்கு பக்கத்துலயே நிக்கல் கேப்ப விட்டு வெச்சா என்ன பிரயோஜனம் சொல்லுங்க. பிரிட்ஜ் போடறதா முடிவு பண்ணாலும் இப்படி மெட்டல் மேல பீங்கான் பூசினதுல போடாதீங்க, முழு ஜிர்கோனியாவுல கேளுங்க.

ஜிர்கோனியா எங்க கையில வரும்போது சாக்பீஸ் மாதிரி இருக்கும், நகத்தால கீறினா மாவு உதிரும். அத மெஷின்ல வெட்டும்போது நெசப் பல்ல விட சுமார் அஞ்சுல ஒரு பங்கு பெருசா வெட்டுவோம், ஏன்னா சூளைல 1500 டிகிரி கிட்ட சுட்டு எடுத்தா அவ்வளவு சுருங்கும். சுட்டதுக்கு அப்பறம் அது வேற பொருள், சாதா கத்தி அதுல கோடு கூட போடாது. விரிசல் ஒண்ணு ஆரம்பிச்சா அங்க இருக்கற துகள் எல்லாம் கொஞ்சம் உப்பி அந்த விரிசல நெருக்கி மூடிடும், அதான் இதுக்கு மத்த பீங்கானுக்கு இல்லாத பலம். ஆனா சூளைல கொஞ்சம் பிசகினாலும் அந்த பலம் போயிடும். இடுப்பு மூட்டு மாத்தற ஆபரேஷன்ல முன்னாடி ஜிர்கோனியா பந்து வெச்சுக்கிட்டு இருந்தாங்க, 2001ல அதுல சில லாட் ஒடைய ஆரம்பிச்சு உலகம் முழுக்க திரும்ப வாங்கினாங்க, தோண்டிப் பாத்தா சூளைய மாத்தினதுதான் காரணம். அதனால செராமிக் வெக்கறதா இருந்தா கம்பெனிய பாருங்க, பேரு தெரியாத மலிவு சரக்கு வேணவே வேணாம்.

கெடிலக்கரை பொண்ணு, கடலூர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பொறுமையா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல.

லேப் அண்ணா சொன்னத படிச்ச உடனே செல்போன் டார்ச்ச அடிச்சு அம்மா வாய பாத்தேன். வலது பக்கம் மேல ஒரு கேப் இருக்கு, எனக்கு அது ஞாபகமே இல்ல. ஈறு ஓரத்துல நீங்க சொன்ன மாதிரியே கருப்பு கோடு, அத சுத்தி மட்டும் ஈறு சிவந்து வீங்கின மாதிரி இருக்கு. கேட்டா "அது ரொம்ப நாளா அப்படித்தான், பிரஷ் பட்டா ரத்தம் வரும், வயசானா வரும்னு விட்டுட்டேன்"ங்கறாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

டாக்டர் சார், சுகர் இருக்கு, மாத்திரை போடறாங்க, மூணு மாச சுகர் போன வருஷம் பாத்தது 8.4. எலும்பு மாத்திரையும் உண்டு! ஞாயித்துக்கிழமை காலைல எழுந்து வெறும் வயித்துல ஒரு டம்ளர் தண்ணியோட போட்டுட்டு அரை மணி நேரம் படுக்காம திண்ணைல உக்காந்திருப்பாங்க. ரெண்டரை வருஷமா போடறாங்க. அது முதுகு வலிக்கான மாத்திரைன்னுதான் நாங்க நெனச்சுக்கிட்டு இருந்தோம், பல் கிளினிக்ல அவங்களும் கேக்கல நாங்களும் சொல்லல. இனிமே நிறுத்திடவா?

பல்வைத்தியர், வில்லியனூர்

நீங்களா நிறுத்தாதீங்கம்மா, தயவுசெஞ்சு. நிறுத்தி இடுப்பு எலும்பு முறிஞ்சா அது பல்ல விட பெரிய கஷ்டம்.

அந்த வகை மாத்திரை எலும்பு கரையறத தடுக்கும், அதே சமயம் தாடை எலும்பு தன்னத்தானே புதுப்பிக்கறதையும் மெதுவாக்கும். அபூர்வமா சில பேருக்கு பல் எடுத்த எடமோ இம்ப்ளான்ட் வெச்ச எடமோ ஆறாம எலும்பு வெளிய தெரியற அளவுக்கு போகும். கேன்சருக்கு ஊசியா போடறவங்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம், எலும்பு தேய்மானத்துக்கு வாயில போடறவங்களுக்கு குறைவு, நாலு வருஷத்துக்குள்ளன்னா இன்னும் குறைவு. பொங்கலுக்கு எடுத்த எடம் நல்லா ஆறிடுச்சுன்னு சொன்னீங்க, அது நல்ல சேதி. மாத்திரை எழுதின எலும்பு டாக்டர்கிட்டயும் பல் டாக்டர்கிட்டயும் ரெண்டு பேருக்கும் தெரியணும், அவ்வளவுதான். இதுல செராமிக்கா டைட்டானியமான்னு ஒரு வித்தியாசமும் இல்ல, ரெண்டுக்கும் எலும்பத்தான் குடையறோம். சுகரும் அப்படித்தான், 8.4ல நான் வெக்க மாட்டேன், 7 பக்கத்துல கொண்டு வாங்க.

அலர்ஜிக்கு தோல் டாக்டர்கிட்ட பேட்ச் டெஸ்ட் பண்ணிடுங்க. முதுகுல சின்ன சின்ன ஒட்டா ஒட்டி ரெண்டு நாள் வெச்சிருப்பாங்க, முதுகு நனையக் கூடாது, வேர்க்கவும் கூடாது, அதனால வெயில் காலத்த தவிர்த்துக்கங்க. நிக்கலுக்கு அது நம்பகமான டெஸ்ட். டைட்டானியத்துக்கு அந்த அளவு நம்பகமான டெஸ்ட் எதுவும் இல்ல, ரத்தத்துல பாத்து சொல்றோம்னு பெரிய பில் போட்டா அவசரப்பட்டு கட்டிடாதீங்க.

செலவுக்கு ஒரு வழி சொல்றேன், கோரிமேட்டுல மகாத்மா காந்தி அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, உங்களுக்கு சிதம்பரம் பல் கல்லூரியும் பக்கம், பாண்டி ரோட்டுலயே பிள்ளையார்குப்பத்துலயும் ஒரு கல்லூரி இருக்கு. நாலஞ்சு தடவ அலைய வேண்டி வரும், ஆனா எல்லா பிரிவு டாக்டரும் ஒரே கூரைக்கு கீழ பாப்பாங்க. ரொம்ப வருஷமும் தள்ளிப் போடாதீங்க, எதிர்ல இருக்கற மேல்பல் கீழ எறங்க ஆரம்பிச்சா அப்பறம் எது வெக்கவும் எடம் இருக்காது.

கெடிலக்கரை பொண்ணு, கடலூர்

ரெண்டு மாசம் கழிச்சு வந்து எழுதறேன், யாராவது எங்கள மாதிரி தேடி வந்தா உதவும்னு.

பேட்ச் டெஸ்ட்ல நிக்கல் நல்லா பலமா வந்துச்சு, அந்த ஒரு கட்டத்துல மட்டும் தோல் சிவந்து பொரிப் பொரியா எழும்பியிருந்துச்சு. பழைய கேப்ப கழட்டிட்டு ஜிர்கோனியா கேப் மாட்டியாச்சு. கழட்டும்போது உள்ள கொஞ்சம் சொத்தையும் இருந்துச்சு, அதனால ஈறு வீக்கத்துக்கு நிக்கல் மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாதுன்னாங்க, ஆனா மூணே வாரத்துல ஈறு வெளுத்துடுச்சு, பிரஷ் பண்ணா ரத்தம் வரல. எலும்பு டாக்டர் மாத்திரைய நிறுத்த வேணாம்னு சொல்லி பல் டாக்டருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாரு. தாடைய எல்லா பக்கமும் காட்டற சி.பி.சி.டி ஸ்கேன் எடுத்ததுல எலும்பு உயரம் போதும், நரம்பும் தள்ளித்தான் இருக்கு, அகலம் கொஞ்சம் கம்மின்னாங்க.

சுகர் இப்ப 7.6 வந்திருக்கு. அரிசிய ராத்திரில நிறுத்திட்டு கேழ்வரகு அடை சாப்பிடறாங்க, கெடிலத்து பாலம் வரைக்கும் காலைல நடக்கறாங்க. இன்னும் கொஞ்சம் எறங்கினதும் டைட்டானியம் வெக்கறதா முடிவு, ஈறுக்குள்ள மூடி வெக்கற வகை, மேல கேப் மட்டும் ஜிர்கோனியா. அண்ணன் இன்னும் வீடியோ அனுப்பறான், ஆனா பேட்ச் டெஸ்ட் பேப்பர அனுப்பினதுக்கு அப்பறம் போன் பண்ணி அரை மணி நேரம் கேட்டான், அப்பறம் பாதிப் பணம் நான் போடறேன்னுட்டான்.

தாலி ஊக்க எடுத்துட்டு வெள்ளில ஒரு கொக்கி செஞ்சு மாட்டியாச்சு, நெஞ்சுல இருந்த தடிப்பு மெதுவா அடங்குது. இப்ப வலது பக்கமா நல்லா மெல்லறாங்க, நேத்து சுண்டல் கேட்டு வாங்கி சாப்பிட்டாங்க. ஸ்டிக்கர் கார்டு விஷயத்த நோட்டுல எழுதி வெச்சிருக்கேன் நெய்வேலி அண்ணா, வெக்கற அன்னிக்கு கையோட வாங்கிடுவேன்.